கள்ளிப்பலகையில் ஒரு ட்ரே

பிம்ப்ரி ஒரு தொழில் நகரம். மகாராஷ்டிர மாநிலத்தில், புனே நகரத்தை ஒட்டி இருக்கிறது. 1954-ஆம் ஆண்டு அரசு இங்கே இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்ற மருந்துத் தொழிற்சாலையைத் தொடங்கியது. பக்கத்தில் உள்ள சிஞ்ச்வட், போசரி, ஆகுர்டி பகுதிகளிலும் தொழிற்சாலைகள் பெருகின. வண்டிகள், இயந்திரங்கள், உதிரிப் பாகங்கள் இங்கே செய்யப்படுகின்றன. 1982-இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி அமைந்தது. வேலை தேடிப் பல மாநில மக்கள் வந்தார்கள். தமிழர்களும் வந்தார்கள்.

தொழிற்சாலைக்குச் சாமான்கள் மரப்பெட்டிகளில் வருகின்றன. இதை நாம் கள்ளிப்பெட்டி என்போம். பெட்டிக்கு அடியில் மரச்சட்டம் இருக்கும். அதற்குப் பேலட் என்று பெயர். சாமானை எடுத்த பிறகு பெட்டி உடைக்கப்படும். பலகைகள் மிஞ்சும். பெரும்பாலும் இவை பைன் போன்ற இலேசான மரங்கள். வெட்டுவது எளிது. இழைப்பதும் எளிது.

இந்தப் பலகையில் வீட்டிலேயே ஒரு ட்ரே செய்யலாம். டீ கொடுக்கலாம். இட்லித் தட்டுகளை எடுத்துச் செல்லலாம். விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கலாம். எப்படிச் செய்வது? பிம்ப்ரியில் ஓர் அக்காவும் அவருடைய தம்பியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் செய்வதைப் பார்த்து நாமும் கற்றுக்கொள்வோம்.

1. தட்டு சாய்ந்தது

அக்கா சாலையோரத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். இப்படிப்பட்ட சின்னக் கடையை அங்கே டப்ரி என்கிறார்கள். அரை கிளாஸ் டீக்குக் கட்டிங் என்று பெயர். பக்கத்துச் சந்தில் பட்டறைகள் உள்ளன. காலையும் மாலையும் அக்கா அங்கே டீ எடுத்துச் செல்வார். எவர்சில்வர் தட்டில் எட்டு கிளாஸ் வைப்பார்.

எவர்சில்வர் தட்டு வழுக்கும். விளிம்பு உயரம் குறைவு. சூடும் கையில் ஏறும்.

ஒரு நாள் சந்தில் ஸ்கூட்டர் வேகமாக வந்தது. அக்கா ஒதுங்கினார். தட்டு சாய்ந்தது. நான்கு கிளாஸ்கள் சரிந்தன. கொதிக்கும் டீ மணிக்கட்டில் கொட்டியது.

அக்கா உடனே குழாயைத் திறந்தார். கையை 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடித்தார். பற்பசை தடவவில்லை. மையும் தடவவில்லை. அது சரியான முதலுதவி. கொப்புளம் பெரியதாக இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாலையில் தம்பி வந்தான். அக்கா சொன்னார்: "தட்டுக்கு விளிம்பு உயரமா இருந்தா கிளாஸ் விழுந்திருக்காதுடா. பிடிக்கக் கைப்பிடியும் இல்லை."

"ட்ரே வாங்கிடேன் அக்கா."

"விலை கேட்டேன். கட்டுப்படியாகலை."

"அப்ப நாமே செய்வோம். எங்க கம்பெனியில பலகை குவிஞ்சு கிடக்குது. நாளைக்கு நாலு பலகையைக் கொண்டாந்துடறேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "யாருகிட்ட கேட்டே?"

"குப்பைதானே அக்கா? யாரைக் கேக்கணும்?"

"உனக்குக் குப்பை. கம்பெனிக்கு அது கணக்கு. கேட்காம எடுத்தா உன் பேருக்கு முன்னால திருடன்னு எழுதிடுவாங்க. ஒரு பலகைக்காக வேலை போகணுமா?"

2. கேட்டு எடுத்த பலகை

அக்கா சொன்னது சரி. பல தொழிற்சாலைகள் பழைய பலகையை எடை போட்டு விற்கின்றன. வாங்குவதற்கு ஒப்பந்தக்காரர் இருப்பார். வாசலில் காவலர் பையைச் சோதிப்பார். கையில் அனுமதிச் சீட்டு இருந்தால் பயம் இல்லை. இதற்குக் கேட் பாஸ் என்று பெயர்.

தம்பி மறுநாள் ஒரு விண்ணப்பம் எழுதினான்.

"ஐயா, வீட்டு உபயோகத்துக்கு உடைந்த பெட்டிப் பலகை 4 வேண்டும். அனுமதி தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு..." என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதை ஒரு நண்பர் மராத்தியில் எழுதிக் கொடுத்தார். மேற்பார்வையாளர் அனுமதி கொடுத்தார்.

கேட் பாஸ் கிடைத்ததும் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

தேதி சரியா?
நம் பெயர் சரியா?
பொருளும் எண்ணிக்கையும் சரியா?
அதிகாரியின் கையெழுத்து இருக்கிறதா?

சீட்டு மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். எழுத்து புரியாவிட்டாலும் எண் புரியும். தம்பி எண்ணைப் பார்த்தான். சீட்டில் 4 என்று இருந்தது. அவன் கட்டியிருந்தது 5 பலகை. கட்டை அவிழ்த்தான். ஒன்றை எடுத்துத் திரும்ப வைத்தான். வாசலில் காவலர் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "போ" என்றார்.

தொழிற்சாலையில் வேலை இல்லாதவர்கள் பழைய சாமான் கடையில் வாங்கலாம். சிக்கலியை அடுத்த குதள்வாடியில் இப்படிப்பட்ட கிடங்குகள் ஏராளமாக இருந்தன. 2025 பிப்ரவரியில் மாநகராட்சி அங்கே பெரிய அளவில் கட்டடங்களை இடித்தது. ஆகவே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. எங்கே வாங்கினாலும் ரசீது கேளுங்கள்.

3. பலகை பேசும்

நான்கு பலகைகளும் வீட்டுக்கு வந்தன. ஒவ்வொன்றும் 1 மீட்டர் நீளம். 100 மி.மீ. அகலம். 18 மி.மீ. தடிமன்.

ஒரு பலகை மிக அழகாக இருந்தது. முடிச்சு இல்லை. விரிசல் இல்லை. தம்பி அதைத்தான் முதலில் எடுத்தான்.

"இரு" என்றார் அக்கா. "இதுல ஏதோ முத்திரை இருக்கு. என்னன்னு பார்ப்போம்."

பலகையில் கறுப்பு மையில் ஒரு கட்டம் இருந்தது. கட்டத்துக்குள் ஒரு கதிர்ப் படம். பக்கத்தில் ஆங்கில எழுத்துகள்.

இந்த முத்திரைக்கு ஒரு காரணம் உண்டு. மரத்துக்குள் புழு, வண்டு இருக்கலாம். பெட்டியோடு அது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய்விடும். அங்கே உள்ள காடுகளை அழித்துவிடும். இதைத் தடுக்க 2002-ஆம் ஆண்டு உலக நாடுகள் ஒரு விதி செய்தன. நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டியில் பூச்சியைக் கொல்ல வேண்டும். கொன்றதற்கு அடையாளமாக முத்திரை போட வேண்டும். எந்த நாடு என்பதும், எந்த முறை என்பதும் முத்திரையில் இருக்கும். இந்தியாவில் செய்த பெட்டியில் ஐ.என். என்று இருக்கும்.

நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது முறையைச் சொல்லும் இரண்டு எழுத்துகள்.

ஹெச்.டி. என்று இருந்தால், சூடு கொடுத்த மரம். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். அந்தச் சூடு 30 நிமிடம் நிற்க வேண்டும். இதில் மருந்து எதுவும் சேர்ப்பதில்லை.

எம்.பி. என்று இருந்தால், மீதைல் புரோமைடு என்ற வாயுவை அடித்த மரம். அது நச்சு வாயு. பூச்சியைக் கொல்லும். மனிதருக்கும் கெடுதல். பூமியைக் காக்கும் ஓசோன் படலத்தையும் கெடுக்கும்.

ஆங்கிலம் தெரியாதவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்தின் வடிவத்தைப் பாருங்கள்.

ஹெச்: ஒரே படி வைத்த ஏணி போல இருக்கும்.
டி: ஒற்றைக் கால் பந்தல் போல இருக்கும்.
எம்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மலை போல இருக்கும்.
பி: நிற்கும் கோட்டுக்கு வலப்பக்கம் இரண்டு தொந்தி போல இருக்கும்.

ஏணியும் பந்தலும் என்றால் எடுத்துக்கொள்ளலாம். மலையும் தொந்தியும் என்றால் வேண்டாம்.

அக்கா விரல் வைத்துப் பார்த்தார். இரண்டு மலை. இரண்டு தொந்தி.

"இது வேண்டாம்டா."

"இதுதான் அக்கா நல்ல பலகை! அந்த வாயு எப்பவோ பறந்து போயிருக்கும்."

"பறந்து போயிருக்கலாம். ஆனா இதுமேல நாலு பேருக்குச் சாப்பிடறதை வைக்கப் போறேன். சந்தேகம் இருக்கிற பலகை எதுக்கு?"

தம்பி சொன்னதிலும் உண்மை உண்டு. வாயுவில் பெரும்பகுதி நாளாக ஆகப் போய்விடும். ஆனாலும் உணவு வைக்கும் சாமானுக்கும் குழந்தைகள் விளையாடும் சாமானுக்கும் இந்தப் பலகையை ஒதுக்குவதே நல்லது. வேறு பலகை கிடைக்கிறது. பிறகு ஏன் சந்தேகப்பட்டதை எடுக்க வேண்டும்?

ஒன்றை மறக்கக் கூடாது. ஹெச்.டி. முத்திரை சூடு கொடுத்ததை மட்டும் சொல்லும். பிறகு அந்தப் பலகையில் என்ன கொட்டியது என்று சொல்லாது. ஆகவே கண்ணால் பாருங்கள். மூக்கால் முகருங்கள்.

எண்ணெய்க் கறை இருந்தால் வேண்டாம்.
மருந்து வாடை அடித்தால் வேண்டாம்.
பழைய பெயிண்ட் அடித்திருந்தால் வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தேய்க்கும்போது தூசியாகப் பறக்கும். குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல்.
கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தால் வேண்டாம்.

நம் நாட்டுக்குள் மட்டும் போய்வரும் பெட்டியில் முத்திரை இல்லாமல் இருக்கலாம். அதற்கும் இதே சோதனைதான்.

எம்.பி. பலகையையும் பெயிண்ட் பலகையையும் அடுப்பில் வைத்து எரிக்காதீர்கள். புகை கெடுதல்.

அக்காவிடம் மூன்று பலகைகள் மிஞ்சின. ட்ரேக்கு இரண்டு போதும்.

4. கருவிகளும் அவற்றின் பெயர்களும்

பக்கத்து வீட்டில் ஒரு மராத்தி ஆசாரி இருந்தார். மராத்தியில் ஆசாரியைச் சுத்தார் என்பார்கள். பெரியவரைக் காகா என்று கூப்பிடுவார்கள். காகா என்றால் சித்தப்பா. அக்கா காகாவிடம் கருவிகளை இரவல் கேட்டார். மகாராஷ்டிரத்தில் கடைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சொற்கள் உதவும்.

மரம்: லாக்கூட்
பலகை: ஃபளி
ரம்பம்: கர்வத்
இழைப்புளி: ரந்தா
சுத்தியல்: ஹாத்தோடா
ஆணி: கிளா

இவை தவிர மூலைமட்டம், அளக்கும் டேப், பென்சில், டிரில், திருப்புளி, உப்புத்தாள், வெள்ளைப் பசை ஆகியவையும் வேண்டும்.

முதல் வேலை பழைய ஆணியைப் பிடுங்குவது. பின்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டுங்கள். தலை வெளியே வந்ததும் குறடால் இழுங்கள். ஒரு ஆணி உள்ளே இருந்தாலும் இழைப்புளியின் கத்தி உடையும். பிடுங்கிய ஆணிகளை ஒரு டப்பாவில் போடுங்கள். தரையில் விடாதீர்கள்.

துருப்பிடித்த ஆணி குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரண ஜன்னி வராமல் தடுக்க ஊசி உண்டு. பிம்ப்ரியில் சந்த் துக்காராம் நகரில் மாநகராட்சியின் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனை இருக்கிறது.

5. கணக்குப் போட்டு வெட்டு

ட்ரேயின் வெளி அளவு: நீளம் 400 மி.மீ., அகலம் 280 மி.மீ.

தம்பி பென்சிலை எடுத்தான். நீளப் பக்கத்துக்கு 400 என்று கோடு போட்டான். குறுக்குப் பக்கத்துக்கு 280 என்று கோடு போட்டான்.

அக்கா கேட்டார்: "குறுக்குப் பலகை எங்கே வரும்?"

"ரெண்டு நீளப் பலகைக்கும் நடுவுல."

"அப்ப அந்த ரெண்டு பலகையோட தடிமனும் அகலத்துல சேருமே?"

தம்பி யோசித்தான். பலகை 18 மி.மீ. இழைத்தால் 15 மி.மீ. ஆகும்.

15 + 15 = 30
280 – 30 = 250

குறுக்குப் பலகை 250 மி.மீ. இருக்க வேண்டும். 280 என்று வெட்டியிருந்தால் என்ன ஆகும்? 280 + 30 = 310. ட்ரேயின் அகலம் 310 ஆகிவிடும். 280-க்கு வெட்டிய அடிப்பலகை 30 மி.மீ. போதாது.

நீளமாக வெட்டிவிட்டால் திரும்ப வெட்டிக் குறைக்கலாம். குட்டையாக வெட்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே வரிசை இதுதான். முதலில் இழையுங்கள். பிறகு தடிமனை அளந்து பாருங்கள். பிறகு கழியுங்கள். கடைசியில் வெட்டுங்கள். உங்கள் பலகை இழைத்த பிறகு 16 மி.மீ. இருந்தால் கணக்கும் மாறும். 16 + 16 = 32. 280 – 32 = 248.

காகா எட்டிப் பார்த்தார். 400 மி.மீ. என்றதும் டேப்பைத் திருப்பிப் பார்த்தார். "பந்தரா இன்ச், சஹா சூத்" என்றார். பதினைந்து அங்குலம், ஆறு சூத் என்று பொருள்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர் ஆசாரிகளும் கொத்தனார்களும் நூல் என்று சொல்வதைத்தான் அங்கே சூத் என்கிறார்கள். சூத் என்றாலும் நூல்தான்! ஓர் அங்குலத்துக்கு 8 நூல். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆகவே ஒரு நூல் 3 மி.மீ.க்குச் சற்று அதிகம்.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நம் நாடு மீட்டர், கிலோ அளவுகளுக்கு மாறத் தொடங்கியது. ஆனாலும் அங்குலமும் நூலும் பேச்சில் இருக்கின்றன. இரண்டும் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் ஒரே வேலையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

வெட்ட வேண்டிய துண்டுகள் இவை.

நீளப் பக்கம்: நீளம் 400 மி.மீ., உயரம் 40 மி.மீ. – 2 துண்டு
குறுக்குப் பக்கம்: நீளம் 250 மி.மீ., உயரம் 60 மி.மீ. – 2 துண்டு
கைப்பிடிக் கட்டை: நீளம் 150 மி.மீ., அகலம் 20 மி.மீ. – 2 துண்டு
அடிப்பலகை: 400 மி.மீ. x 280 மி.மீ., தடிமன் 6 மி.மீ. பிளைவுட் – 1 துண்டு

ரம்பத்தின் பல்லும் மரத்தைத் தின்னும். 1 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை போகும். ஆகவே கோட்டின் மேல் அறுக்காதீர்கள். கோட்டுக்கு வெளிப்புறம் அறுங்கள். இரண்டு நீளப் பலகைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். குறுக்குப் பலகைகளும் அப்படியே.

பிறகு உப்புத்தாள். உப்புத்தாளின் பின்பக்கம் எண் இருக்கும். எண் சிறியது என்றால் சொரசொரப்பு அதிகம். எண் பெரியது என்றால் வழுவழுப்பு அதிகம். முதலில் 80. அடுத்து 120. கடைசியில் 220. மரத்தின் ஓட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

6. பொருத்துதல்

பைன் மரம் எளிதில் பிளக்கும். ஆணியை நேராக அடித்தால் ஓரம் வெடிக்கும். அதனால் முதலில் டிரில்லால் சிறு துளை போட வேண்டும். துளை ஆணியை விடச் சற்று ஒல்லியாக இருக்க வேண்டும்.

குறுக்குப் பலகையின் முனையில் பசை தடவுங்கள். நீளப் பலகையை அதன் மேல் வையுங்கள். அடிப்பக்கம் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் 40 மி.மீ. ஆணி 2 அடியுங்கள். 15 மி.மீ. முதல் பலகைக்குள் போகும். மீதி 25 மி.மீ. அடுத்த பலகையைப் பிடிக்கும். பலகையின் வெட்டு முனையில் பசை மட்டும் நிற்காது. ஆணியும் வேண்டும்.

சட்டம் நேராக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு நூலை எடுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் பிடியுங்கள். அளவைக் குறியுங்கள். இப்போது மற்ற இரண்டு மூலைகளுக்கும் பிடித்துப் பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் நேர். இந்த ட்ரேயில் அந்த அளவு 488 மி.மீ. வரும். ஒன்று அதிகமாக இருந்தால், அந்த மூலைகளைப் பிடித்து மெல்ல அமுக்குங்கள்.

நேரானதும் சட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். கயிற்றுக்குள் ஒரு குச்சியை விட்டு முறுக்குங்கள். கயிறு இறுகும். மூலைகள் நெருங்கும். வழியும் பசையை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். பசை காய்ந்த இடத்தில் வார்னிஷ் பிடிக்காது. ஒரு நாள் அப்படியே விடுங்கள்.

அடுத்து கைப்பிடி. குறுக்குப் பலகையின் வெளிப்புறத்தில், மேல் விளிம்பை ஒட்டி, கைப்பிடிக் கட்டையை நடுவில் வையுங்கள். கட்டை 20 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பசை தடவுங்கள். உட்புறத்திலிருந்து 30 மி.மீ. ஸ்க்ரூ ஆணி 2 முடுக்குங்கள். விரல்கள் கட்டைக்கு அடியில் பிடிக்கும். ஓட்டை போட்டுக் கைப்பிடி வெட்டுவதை விட இது எளிது.

7. அடிப்பலகை

அடிப்பலகைக்குப் பிளைவுட் நல்லது. காரணம் உண்டு. பலகை மழைக்காலத்தில் ஈரம் குடித்து அகலத்தில் வீங்கும். வெயில் காலத்தில் சுருங்கும். புனே பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மார்ச் முதல் மே வரை நல்ல வெயில். அகலப் பலகையை இறுக்கி அடித்தால் வளையும், அல்லது வெடிக்கும். பிளைவுட்டில் மெல்லிய மரத்தாள்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருக்கும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். அதனால் வீங்குவது குறைவு.

பிளைவுட்டிலும் எழுத்து உண்டு. எம்.ஆர். என்றால் ஓரளவு ஈரம் தாங்கும். பி.டபிள்யூ. என்று தொடங்கினால் கொதிநீரில் இட்டுச் சோதிக்கும் ரகம். தண்ணீரை நன்றாகத் தாங்கும். டீ கொட்டும் ட்ரேக்கு இதுவே ஏற்றது.

முழுத் தாள் வாங்க வேண்டாம். ஒரு முழுத் தாள் எட்டடிக்கு நாலடி. அதாவது 2440 மி.மீ. x 1220 மி.மீ. அதில் 400 x 280 அளவில் 24 துண்டுகள் வெட்டலாம். நமக்கு வேண்டியது ஒன்று. கடையில் மிஞ்சிய துண்டு கேளுங்கள்.

சட்டத்தின் அடியில் பசை தடவிப் பிளைவுட்டை வையுங்கள். அடியிலிருந்து 20 மி.மீ. ஸ்க்ரூ ஆணி முடுக்குங்கள். ஒவ்வொரு நீளப் பக்கத்துக்கும் 3. ஒவ்வொரு குறுக்குப் பக்கத்துக்கும் 2. ஆக மொத்தம் 10. சுமை முழுவதும் அடிப்பலகையில்தான் நிற்கும். அதனால் இங்கே வெறும் ஆணி போதாது. ஆணி சிறிது சிறிதாகக் கழன்று வரும். ஸ்க்ரூ ஆணி கழலாது. ஆணியின் தலை பிளைவுட்டுக்குள் சற்று அமுங்க வேண்டும். இல்லாவிட்டால் மேசையைக் கீறும்.

8. பூச்சு

பூச்சு இல்லாவிட்டால் மரம் டீயைக் குடிக்கும். கறை போகாது. நாற்றமும் அடிக்கும்.

சிலர் சமையல் எண்ணெய் தடவுவார்கள். அது வேண்டாம். நாளாக ஆகப் பிசுபிசுக்கும். சிக்கு வாடை வரும்.

சிலர் அரக்கு பாலிஷ் போடுவார்கள். பளபளப்பாக இருக்கும். ஆனால் சூடான ஈரக் கிளாஸை வைத்தால் வெள்ளை வளையம் விழும்.

தெளிவான வார்னிஷ் நல்லது. மெல்லியதாக மூன்று முறை பூசுங்கள். ஒரு முறை பூசியது நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த முறை. நடுவில் 220 உப்புத்தாளால் இலேசாகத் தேயுங்கள். எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள். மழை நாளில் பூசாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் பூசுங்கள். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. வாடை முழுவதும் போகும் வரை ட்ரேயைப் பயன்படுத்தாதீர்கள். வார்னிஷ் மேல் நேராக உணவைக் கொட்டாதீர்கள். கிளாஸ், தட்டு, இலை வைத்துப் பரிமாறுங்கள்.

ஆளி விதை எண்ணெய் பூசுபவர்களும் உண்டு. ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகச் சூடேறும். சில சமயம் தானாகத் தீப்பிடிக்கும். துணியைத் தண்ணீரில் நனையுங்கள். அல்லது வெளியில் விரித்துக் காய வையுங்கள்.

9. எவ்வளவு ஏற்றலாம்?

ட்ரேயின் உள் அளவு என்ன? நீளத்தில் 400 – 30 = 370 மி.மீ. அகலம் 250 மி.மீ. ஒரு டீ கிளாஸுக்கு 70 மி.மீ. இடம் என்று வைத்துக்கொள்வோம். நீளத்தில் 5 வரும். அகலத்தில் 3 வரும். 5 x 3 = 15 கிளாஸ்.

இடம் இருக்கிறது என்பதற்காக 15-ம் ஏற்றலாமா? எடையைப் பாருங்கள். டீயோடு ஒரு கிளாஸ் 200 கிராம் என்றால், 15 கிளாஸ் 3000 கிராம். அதாவது 3 கிலோ. ட்ரேயின் எடை சுமார் 1 கிலோ. மொத்தம் 4 கிலோ. ட்ரே தாங்கும். ஆனால் கை சோர்ந்துவிடும். சந்தில் ஒதுங்கும்போது கை ஆடும்.

அக்கா 8 கிளாஸ் மட்டும் வைக்கிறார். 1600 கிராம் டீ, 1 கிலோ ட்ரே. மொத்தம் 2 கிலோ 600 கிராம். அடியில் ஈரத் துணி விரித்து வைக்கிறார். கிளாஸ் வழுக்காது. 40 மி.மீ. விளிம்பு கிளாஸைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடிக்கிறார்.

தினமும் ஈரத் துணியால் துடைத்து நிறுத்தி வைக்க வேண்டும். தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. வார்னிஷ் உரிந்தால் தேய்த்து மீண்டும் ஒரு முறை பூசலாம்.

பட்டறைக்காரர் ஒருவர் ட்ரேயைப் பார்த்தார். "எனக்கும் ஒண்ணு வேணும். இதை விடப் பெரிசா, 350 மி.மீ. அகலத்துல" என்றார். தம்பி பென்சிலைக் காதில் செருகினான். "குறுக்குப் பலகை 320" என்று கணக்குச் சொன்னான். அக்கா மூன்றாவது பலகையைத் திருப்பி முத்திரையைத் தேடினார்.

பயிற்சி

அ. படித்துப் பதில் சொல்லுங்கள்.
1. தம்பி ஒரு பலகையை ஏன் திரும்ப வைத்தான்?
2. பலகையில் மலை போன்ற எழுத்தும் தொந்தி போன்ற எழுத்தும் இருந்தால் என்ன செய்வீர்கள்?
3. ஹெச்.டி. முத்திரை எதைச் சொல்லும்? எதைச் சொல்லாது?
4. அடிப்பலகைக்கு ஏன் ஸ்க்ரூ ஆணி வேண்டும்?

ஆ. கணக்குப் போடுங்கள்.
1. ட்ரேயின் வெளி அகலம் 300 மி.மீ. பலகையின் தடிமன் 12 மி.மீ. குறுக்குப் பலகையின் நீளம் எவ்வளவு?
2. ஓர் அங்குலத்துக்கு 8 நூல். 3 அங்குலம் 4 நூல் என்றால் மொத்தம் எத்தனை நூல்?
3. ஒரு கிளாஸ் டீயோடு 200 கிராம். 10 கிளாஸும் 1 கிலோ ட்ரேயும் சேர்ந்து எத்தனை கிலோ?

இ. செய்து பாருங்கள்.
1. உங்கள் வீட்டில் உள்ள மேசை அல்லது பெட்டியின் இரு மூலைவிட்டங்களையும் நூலால் அளந்து பாருங்கள். சமமாக இருக்கின்றனவா?
2. உங்கள் வேலையிடத்தில் பழைய பலகை கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். தேதி, பெயர், பொருள், எண்ணிக்கை, கையெழுத்து ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும்.

விடைகள்: ஆ.1 – 276 மி.மீ. ஆ.2 – 28 நூல். ஆ.3 – 3 கிலோ.